தழை, மணி, சாம்பல்: நெல்லுக்குப் போடும் உரம் எப்படி வேலை செய்கிறது

காவிரிப் படுகையில் குறுவை நடவு நடக்கும் நாட்களில் எந்த உரக்கடைக்குப் போனாலும் ஒரே பேச்சுதான் காதில் விழும். "ஏக்கருக்கு மூணு யூரியா, ஒரு டிஏபி, பொட்டாஷ் அரை மூட்டை. போதும்ல?" கடைக்காரர் தலையாட்டுவார், மூட்டைகள் வண்டியில் ஏறும். எதற்கு மூன்று, எதற்கு அரை, எந்த நாளில் எதைப் போடுவது என்று கேட்டால், "எப்பவும் இப்படித்தானே போடுறோம்" என்பார்கள். வயலிலேயே வளர்ந்தவர்களுக்கு அந்தப் பதில் போதும். அப்பாவின் நிலத்தை இப்போதுதான் கையில் எடுத்திருக்கிற பிள்ளைகளுக்கும், குத்தகைக்குப் பிடித்து முதல் போகம் போடுகிறவர்களுக்கும் அது போதாது. அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நமக்கு ஒரு வசதி இருக்கிறது. நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் என்ற மூன்றுக்கும் தமிழில் அவை செய்யும் வேலையையோ வந்த வழியையோ சொல்லும் பெயர்கள் இருக்கின்றன: தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து. தழைச்சத்து இலையைத் தழைக்க வைக்கிறது. மணிச்சத்து மணி பிடிக்க உதவுகிறது. சாம்பல்சத்து, விறகுச் சாம்பலில் நிறைய இருப்பதால் வந்த பெயர். நல்ல பெயர்கள்தான். ஆனால் ஒவ்வொன்றும் பாதிக் கதையைத்தான் சொல்கிறது. மீதிப் பாதி தெரியாததால் வருவதுதான் நெல் உரத்தில் நடக்கும் பெரும்பாலான தவறுகள். தவறு பெரும்பாலும் அளவில் இருப்பதில்லை, நேரத்தில்தான் இருக்கிறது.

முதலில், நெல் எவ்வளவு சாப்பிடுகிறது என்று பார்ப்போம். ஒரு டன் நெல் விளைவதற்கு, வைக்கோலையும் சேர்த்து, பயிர் மண்ணிலிருந்து ஏறக்குறைய 15 முதல் 20 கிலோ நைட்ரஜனும், 2 முதல் 3 கிலோ பாஸ்பரஸும், 15 முதல் 20 கிலோ பொட்டாசியமும் எடுக்கிறது. ஏக்கருக்கு இரண்டரை டன் எடுக்கும் வயலில் 40, 50 கிலோ நைட்ரஜன் ஒரே போகத்தில் வெளியே போய்விடும். மண்ணில் உள்ள மக்கு, பாசனத் தண்ணீர், தண்ணீரில் வாழும் நுண்ணுயிர்கள் எல்லாம் கொஞ்சம் திருப்பித் தரும். பற்றாக்குறையைத்தான் நாம் மூட்டையில் வாங்கிப் போடுகிறோம்.

மூட்டைகளைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். யூரியா சிறிய வெள்ளை முத்துக்கள். ஒரு கை அள்ளி டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் டம்ளர் சில்லென்று ஆகிவிடும். அவ்வளவு வேகமாகக் கரையக்கூடியது அது. கரைவதற்கான சூட்டைத் தண்ணீரிலிருந்தே இழுத்துக்கொள்கிறது. 100 கிலோவில் 46 கிலோ நைட்ரஜன். டிஏபி (டை அமோனியம் பாஸ்பேட்) கடினமான, பழுப்பும் கறுப்பும் கலந்த குருணை. அதில் 18 சதவீதம் நைட்ரஜன், 46 சதவீதம் மணிச்சத்து. சாம்பல்சத்துக்காகப் போடும் பொட்டாஷ் பெரும்பாலும் செங்கல் நிறத்தில் வரும். அதோடு கலந்திருக்கும் இரும்புதான் அந்தச் சிவப்பு. அது சாம்பல் அல்ல, பூமிக்கடியிலிருந்து வெட்டியெடுக்கும் ஒருவகை உப்பு. இந்தியாவுக்குத் தேவையான பொட்டாஷ் கிட்டத்தட்ட முழுவதுமே கனடா, ரஷ்யா, பெலாரஸ் போன்ற நாடுகளிலிருந்து கப்பலில்தான் வருகிறது. மணிச்சத்து தரும் இன்னொரு உரமான சூப்பர் பாஸ்பேட்டுக்கு நம் ஊரிலேயே பழைய கதை உண்டு. இந்தியாவின் முதல் உர ஆலை 1906-இல் ராணிப்பேட்டையில் தொடங்கியது, அதைத் தயாரிக்கத்தான். (மூட்டையில் மணிச்சத்து, சாம்பல்சத்து என்று போட்டிருக்கும் சதவீதம் ஆக்சைடு கணக்கு. அதனால் மேலே சொன்ன கிலோக்களோடு அதை அப்படியே ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.)

தழைச்சத்து: வயலில் போட்டது எங்கே போகிறது?

இந்த மூன்றில் அதிகம் பேச வேண்டியது தழைச்சத்தைப் பற்றித்தான். காரணம், நெல் வயலில் போடும் யூரியாவில் பயிருக்குப் போய்ச் சேருவது வழக்கமாக 30, 40 சதவீதம்தான். மூன்று மூட்டை போட்டால் ஒரு மூட்டைக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் நெல் தின்கிறது. மீதி போகும் வழிகளைத் தெரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

தண்ணீர் கட்டிய வயல் மற்ற வயலைப் போன்றது அல்ல. சேற்றுக்குள் காற்று போக வழியில்லை. மேலே ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான மெல்லிய அடுக்கில் மட்டும் தண்ணீர் வழியாகக் கொஞ்சம் ஆக்சிஜன் இறங்கும். அதற்குக் கீழே எல்லாம் மூச்சு முட்டும் கருஞ்சேறு. யூரியா மண்ணில் பட்டதும் சில நாட்களில் அமோனியமாக மாறுகிறது. அந்த அமோனியம் கருஞ்சேற்றுக்குள் இருந்தால் பத்திரம்: களிமண் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வேர் தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளும். மேல் அடுக்கிலேயே தங்கிவிட்டால் அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட்டாக மாற்றிவிடும். நைட்ரேட் தண்ணீரோடு கீழே இறங்கும். காற்றில்லாத சேற்றுக்குள் போனதும் வேறு பாக்டீரியாக்கள் அதிலிருக்கும் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு நைட்ரஜனை வாயுவாக விட்டுவிடும். காசு கொடுத்து வாங்கியது காற்றோடு போயிற்று.

இன்னொரு வழியும் இருக்கிறது. வயல் தண்ணீரில் பாசி இருக்கும் இல்லையா? பகலில் அந்தப் பாசி தண்ணீரிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிவிடுவதால், நடுப்பகலில் தண்ணீரின் காரத்தன்மை ஏறுகிறது. அப்போது தண்ணீரில் கரைந்திருக்கும் அமோனியம் அமோனியா வாயுவாகக் கிளம்பிவிடும். நாலு விரல் தண்ணீர் நிற்கும் வயலில், காலை பத்து மணிக்கு, கொளுத்தும் வெயிலில் யூரியாவை வீசுவதை இப்போது யோசித்துப் பாருங்கள்.

அதனால்தான் பழகியவர்கள் யூரியா போடுவதற்கு முன்பு மடையைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுகிறார்கள். சேறும் சகதியுமாக, மண் தெரிகிற பதத்தில் உரத்தை வீசி, ஒரு நாள் விட்டு மறுபடி தண்ணீர் கட்டுகிறார்கள். அந்தத் தண்ணீர் அமோனியத்தைச் சேற்றுக்குள் அழுத்திக்கொண்டு போகும். களையெடுக்கும் கருவியை ஓட்டுகிறவர்கள், அதற்குச் சற்று முன்பு யூரியா போட்டால் கருவியே அதை மண்ணுக்குள் மிதித்துவிடும். இலையில் பனி நிற்கும்போது மட்டும் வீச வேண்டாம். முத்துக்கள் இலையில் ஒட்டிக்கொண்டு கருக்கிவிடும். மாலை நேரம் நல்லது.

வேம்பும் இங்கே உதவுகிறது. அமோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்களை வேம்பு மெதுவாக்கும். யூரியாவோடு ஐந்துக்கு ஒரு பங்கு வேப்பம் புண்ணாக்குத் தூளைக் கலந்து ஒரு இரவு வைத்து மறுநாள் போடும் வழக்கம் இருக்கிறது. 2015 முதல் இந்தியாவில் விவசாயத்துக்கு விற்கும் யூரியா முழுவதையும் வேப்பெண்ணெய் பூசித்தான் விற்க வேண்டும் என்று ஆக்கியதும் இதே காரணத்தால்தான்.

சரி, எப்போது போடுவது? நெல்லுக்குத் தழைச்சத்துப் பசி எடுக்கும் நேரம் முக்கியமாக இரண்டு. ஒன்று, நட்டு வேர் பிடித்து, பச்சை ஏறி, தூர் கட்டும் (அடியிலிருந்து பக்கத்தண்டுகள் விடும்) சமயம். இன்னொன்று, தண்டுக்குள் கதிர் உருவாகத் தொடங்கும் சமயம். இந்த இரண்டாவதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள், வெளியே எதுவும் தெரியாது என்பதால். ஒரு நாள் வயலில் இறங்கி, நன்றாக வளர்ந்த ஒரு தூரைப் பிடுங்குங்கள். நடுத்தண்டின் அடிப்பகுதியை பிளேடால் நீளவாக்கில் கீறிப் பிளந்து பாருங்கள். கணுவுக்கு மேலே, இலை உறைகளுக்கு நடுவில், மிளகில் பாதிகூட இருக்காது, பஞ்சுத் துணுக்கு மாதிரி வெள்ளையாக ஒரு கூம்பு தெரியும். அதுதான் கதிர். ஒரு மாதம் கழித்து வெளியே வந்து தலைசாயப் போவது அதுதான். ஒரு கதிரில் எத்தனை மணி என்பது அந்த நாட்களில்தான் முடிவாகிறது. அப்போது பயிர் பட்டினி கிடந்தால் பிறகு எத்தனை மூட்டை போட்டாலும் மணியின் எண்ணிக்கை கூடாது.

பிளேடு இல்லாவிட்டாலும் ஒரு கணக்கு இருக்கிறது. நம் வெப்பத்தில், கதிர் உருவாவதிலிருந்து பூப்பது வரை சுமார் 35 நாள், பூத்ததிலிருந்து அறுவடை வரை சுமார் 30 நாள். இந்த இரண்டும் ரகத்துக்கு ரகம் அதிகம் மாறுவதில்லை. மாறுவதெல்லாம் அதற்கு முந்தைய வளர்ச்சிப் பருவம்தான். ஆகவே ரகத்தின் மொத்த வயதிலிருந்து 65-ஐக் கழித்தால் கதிர் உருவாகும் நாள் கிடைக்கும். 110 நாள் வயதுள்ள ஆடுதுறை 43-க்கு அது விதைத்த 45-ஆம் நாள் வாக்கில் வரும். 155 நாளுக்கு மேல் போகும் சி.ஆர். 1009-க்கு 90-ஆம் நாள் வாக்கில். பக்கத்து வயல்காரர் போடுகிறார் என்று நாமும் அதே நாளில் போட்டால், அவர் ரகத்துக்குச் சாப்பாட்டு நேரம், நம் ரகத்துக்கு இல்லை.

தழைச்சத்து கூடினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வயல் கரும்பச்சையாகி, பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். வரப்பில் போகிறவர்கள் எல்லாம் பாராட்டுவார்கள். இலை மிருதுவாகிவிடுவதால் இலைச் சுருட்டுப் புழுவுக்கும் குலை நோய்க்கும் அது விருந்து. அடர்ந்த பயிருக்குள் புகையான் பூச்சி அடியில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பயிர் சாய்ந்துவிடும். உயரமான பழைய ரகங்கள் சாய்ந்துவிடும் என்பதால்தான் அந்தக் காலத்தில் அவற்றுக்கு அதிகம் உரம் போட முடியவில்லை. 1966-இல் ஐ.ஆர். 8 போன்ற குட்டை ரகம் வந்த பிறகுதான் போட்ட தழைச்சத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கும் நெல் கிடைத்தது. வெள்ளைப் பொன்னி இன்றும் உயரம்தான். மற்ற ரகங்களுக்குக் கொடுப்பதில் பாதியே அதற்குப் போதும்.

மணிச்சத்து என்ற பெயர் ஏமாற்றும் இடம்

மணிச்சத்து என்று கேட்டதும் மணி பிடிக்கும்போது போட வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. பூக்கும் நேரத்தில் வயலில் டிஏபி வீசுகிறவர்கள் இருக்கிறார்கள். பணம் வீண். பாஸ்பரஸின் பெரிய வேலை பயிரின் சின்ன வயதில்தான்: வேர் ஓடுவது, தூர் வெடிப்பது. சிறு வயதில் வாங்கிக்கொண்டதைப் பயிர் உள்ளுக்குள்ளேயே நகர்த்தி, கடைசியில் மணியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. பெயர் வந்தது கடைசி இடத்தை வைத்து. தேவைப்படுவது முதல் இடத்தில்.

இன்னொன்று, பாஸ்பரஸ் மண்ணில் நகராது. விழுந்த இடத்திலேயே இரும்போடும் சுண்ணாம்போடும் கட்டிப்போட்டுக்கொள்ளும். மேலே வீசினால் வேருக்கு எட்டாது. அதனால் முழு மணிச்சத்தையும் கடைசி உழவில் அடியுரமாகப் போட்டுச் சேற்றில் கலந்துவிட வேண்டும், அவ்வளவுதான். தண்ணீர் கட்டும்போது சேற்றில் இரும்போடு கட்டுண்டிருந்த பாஸ்பரஸில் ஒரு பகுதி விடுபடுவதால், நெல்லுக்கு இது மற்ற பயிர்களைவிடச் சுலபமாகவே கிடைக்கிறது. வருஷா வருஷம் டிஏபி போட்டுப் பழகிய வயல்களில் மண்ணைச் சோதித்தால் மணிச்சத்து ஏற்கெனவே நிறைய இருப்பது தெரியவரும். அங்கே குறைத்துக்கொள்ளலாம்.

வேர் வேலை நின்றுபோகும் காலத்தில் இலை வழியாகக் கொஞ்சம் கொடுப்பது வேறு விஷயம். இரண்டு சதவீத டிஏபி, ஒரு சதவீத யூரியா, ஒரு சதவீத பொட்டாஷ் கரைசலைக் கதிர் உருவாகும்போது ஒரு முறையும் பத்து நாள் கழித்து இன்னொரு முறையும் தெளிக்கச் சொல்வது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. டிஏபியை முதல் நாள் இரவே ஊறவைத்து, தெளிந்த நீரை மட்டும் வடித்துக்கொள்ள வேண்டும். கசடோடு ஊற்றினால் தெளிப்பான் முனை அடைத்துக்கொள்ளும்.

சாம்பல்சத்தைப் பலரும் சும்மா பேருக்குப் போடுகிறார்கள். போட்டால் யூரியா மாதிரி நாலு நாளில் பச்சை தெரிவதில்லை, அதுதான் காரணம். விலையும் சேர்ந்துகொள்கிறது. 45 கிலோ யூரியா மூட்டை அரசு மானியத்தில் 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கும்போது, பொட்டாஷ் மூட்டை அதைப்போலப் பல மடங்கு. ஆனால் தண்டு உறுதியாக நிற்பதும், இலையிலிருந்து மாவுச்சத்து மணிக்கு இறங்குவதும், நோயைத் தாங்குவதும் இதனால்தான். குறைந்தால் அடியிலைகளின் நுனியும் ஓரமும் மஞ்சளாகிப் பழுப்பாகக் கருகும், கருக்காய் (பதர்) கூடும். பாதியை அடியுரமாகவும் பாதியைக் கதிர் உருவாகும்போதும் கொடுப்பது எளிய வழி. மணல் கலந்த நிலம் என்றால் நான்காகப் பிரித்துப் போடுங்கள், இல்லாவிட்டால் கீழே இறங்கிப் போய்விடும்.

கொஞ்சமாகத் தேவைப்பட்டாலும்

துத்தநாகம் ஏக்கருக்குச் சில கிலோ சமாச்சாரம்தான், ஆனால் அது இல்லாவிட்டால் மற்ற மூன்றும் இருந்தும் பயனில்லை. நட்டு இரண்டு, மூன்று வாரத்தில் வயலில் திட்டுத் திட்டாகப் பயிர் குட்டையாகி, அடியிலைகளில் துருப்பிடித்த மாதிரி புள்ளிகள் வந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். வடக்கே இதைக் கைரா நோய் என்று அழைத்துக் கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். 1960-களில் பந்த்நகரில் ஒய்.எல். நெனே என்ற நோயியல் அறிஞர்தான், இது நோயே அல்ல, துத்தநாகப் பற்றாக்குறை என்று கண்டுபிடித்தார். எப்போதும் தண்ணீர் தேங்கும் வயலிலும் களர் நிலத்திலும் இது அதிகம். ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை 20 கிலோ காய்ந்த மணலோடு கலந்து, பரம்படித்து (சேற்றைச் சமப்படுத்தி) முடித்ததும் நடவுக்குச் சற்று முன்பு மேலாகத் தூவ வேண்டும். டிஏபியோடு கலந்து போடாதீர்கள். இரண்டும் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு, பயிருக்கு இரண்டுமே கிடைக்காமல் போகும்.

கந்தகம் குறைந்தாலும் பயிர் மஞ்சளாகும். தழைச்சத்துக் குறையில் பழைய இலை முதலில் மஞ்சளாகும், கந்தகக் குறையில் புது இலை. வித்தியாசம் தெரியாமல் மேலும் மேலும் யூரியா போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். ஏக்கருக்கு 200 கிலோ ஜிப்சம் போட்டால் கந்தகத்தோடு சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்து கிடைக்கும்.

இப்போது கணக்கு

மண் பரிசோதனை செய்யாத வயலுக்குக் காவிரிப் படுகையில் பல்கலைக்கழகம் சொல்லும் பொதுப் பரிந்துரை எக்டேருக்கு 150 தழை, 50 மணி, 50 சாம்பல். ஏக்கருக்கு 60, 20, 20 கிலோ. ஒரு மூட்டை டிஏபி, அதாவது 50 கிலோ, போட்டால் 23 கிலோ மணிச்சத்து வந்துவிடும், கூடவே 9 கிலோ தழைச்சத்தும் வரும். பாக்கி 51 கிலோ தழைச்சத்துக்கு யூரியா 111 கிலோ, அதாவது இரண்டரை மூட்டை. சாம்பல்சத்துக்கு 33 கிலோ பொட்டாஷ். உரக்கடையில் கேட்ட "மூணு யூரியா"வில் அரை மூட்டை எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்: டிஏபிக்குள் இருக்கும் தழைச்சத்தை யாரும் கழிப்பதில்லை.

யூரியாவை நான்காகப் பிரியுங்கள். அடியுரத்தில் டிஏபியே 9 கிலோ தழைச்சத்துத் தருவதால் 13 கிலோ யூரியா சேர்த்தால் போதும். பிறகு தூர் கட்டும்போது, கதிர் உருவாகும்போது, கதிர் வெளிவரும்போது தலா 33 கிலோவுக்குள். மா கணக்கில் பார்ப்பவர்கள் மூன்றால் வகுத்துக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கையும்விட நல்லது பயிரையே கேட்பது. அதற்கு இலை வண்ண அட்டை என்று ஒன்று இருக்கிறது. வெளிர் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை வரிசையாக, எண் போட்டு நிறம் தீட்டிய ஒரு பிளாஸ்டிக் பட்டை. நட்ட 14-ஆம் நாளிலிருந்து வாரம் அல்லது பத்து நாளுக்கு ஒரு முறை, காலை 8 முதல் 10 மணிக்குள், வெயில் நேராக விழாமல் நம் உடம்பு நிழலில் வைத்து, மேலிருந்து மூன்றாவதாக முழுதும் விரிந்த இலையை அட்டையோடு வைத்துப் பார்க்க வேண்டும். பத்து இடத்தில் பார்த்து, ஆறில் நிறம் 4-க்குக் கீழே இருந்தால் யூரியா போடலாம். வெள்ளைப் பொன்னிக்கு 3. இல்லையென்றால் மூட்டை வீட்டிலேயே இருக்கட்டும். இலையைப் பறிக்க வேண்டாம், பயிரிலேயே வைத்துப் பாருங்கள்.

மண் பரிசோதனைக்கு மண் எடுப்பதும் ஒன்றும் பெரிய வேலை இல்லை. வரப்போரம், மர நிழல், எருக்குழிப் பக்கம் தவிர்த்து பத்துப் பதினைந்து இடத்தில் 'வி' வடிவில் அரை அடி ஆழத்துக்கு வெட்டி, அதன் ஓரத்தில் ஒரு சீராகச் சுரண்டியெடுத்து, எல்லாவற்றையும் கலந்து அரை கிலோ கொண்டுபோய்க் கொடுத்தால் போதும்.

இவ்வளவும் சொன்ன பிறகு எருவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மூட்டை உரம் மட்டும் போதும் என்று நான் நினைக்கவில்லை. அமோனியத்தைப் பிடித்து வைப்பதில் மக்குக்கும் பங்கு உண்டு. மக்கு இல்லாத மண்ணில் போட்ட உரம் தங்குவதில்லை. நடவுக்கு முன் தக்கைப்பூண்டோ சணப்போ விதைத்து 45 நாளில் மடக்கி உழுதால் யூரியாவைக் கணிசமாகக் குறைக்கலாம். ஆனால் ஒரே நாளில் மூட்டையை நிறுத்திவிட்டு எருவுக்கு மாறிவிடலாம் என்பதும் நடக்காத காரியம். இலங்கையில் 2021-இல் ரசாயன உர இறக்குமதியை அரசு திடீரென்று தடை செய்தது. அதே ஆண்டு நவம்பரிலேயே தடையைத் தளர்த்திய பிறகும், அந்தப் பெரும்போகத்து நெல் விளைச்சல் பெரிதாக விழுந்தது. இலங்கை முழுதும் விவசாயிகள் அனுபவித்த அந்தப் போகத்தை மறக்கக்கூடாது. மாறுவதென்றால் மண்ணைத் தயார்படுத்திக்கொண்டு, போகம் போகமாக மாற வேண்டும்.

பூத்து முடிந்து பால் பிடித்துவிட்டால் உர வேலை முடிந்தது. அப்போது போடும் யூரியா மணிக்குப் போகாது, பூச்சியைத்தான் கூப்பிடும்.

அறுவடைக்குப் பிறகு ஒன்றே ஒன்று. பயிர் எடுத்த தழைச்சத்தும் மணிச்சத்தும் பெரும்பாலும் நெல்லில் போய்விடும். சாம்பல்சத்து அப்படியல்ல, ஐந்தில் நாலு பங்கு வைக்கோலிலேயே தங்கிவிடும். ஒரு டன் வைக்கோலில் ஏறக்குறைய 15 கிலோ பொட்டாசியம், அதாவது 30 கிலோ பொட்டாஷுக்குச் சமம். கட்டுக்கட்டி விற்கிறவர்கள் அடுத்த போகத்து உரக் கணக்கில் அதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மாட்டுக்குப் போட்டால் எருவாகத் திரும்பி வரும். இயந்திர அறுவடையில் வயலிலேயே கிடந்தால் கொளுத்தாமல் தண்ணீர் விட்டு மடக்கி உழுங்கள். ஆனால் உடனே நட்டுவிடாதீர்கள். வைக்கோலை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் முதல் இரண்டு, மூன்று வாரம் மண்ணிலிருக்கும் தழைச்சத்தைத் தாங்களே எடுத்துக்கொள்ளும், நாற்று மஞ்சளாக நிற்கும். அதுவரை பொறுத்து நடுங்கள்.